அந்தக் கணத்தில் பிறந்ததா, வீட்டிலிருந்து வந்ததா?

1939 ஆகஸ்ட். கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில் விக்டர் ஹியூகோ என்ற உணவகத்தில் கிளாரினெட் மேதை பென்னி குட்மனின் குழு வாசித்துக்கொண்டிருந்தது. இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட், ஓக்லஹோமா நகரத்திலிருந்து சார்லி கிறிஸ்டியன் என்ற 23 வயது கிட்டார்காரரை அங்கே அழைத்து வந்திருந்தார். குட்மனுக்கு அவரைச் சேர்த்துக்கொள்ளும் எண்ணம் இல்லை. இவருக்கு எங்கே தெரிந்திருக்கப்போகிறது என்ற நினைப்பில் ‘ரோஸ் ரூம்’ பாட்டை எடுத்தார். தன் முறை வந்ததும் கிறிஸ்டியன் சுற்றுக்கு மேல் சுற்றாக வாசித்துக்கொண்டே போனார். ஒரு சுற்றைப் போல இன்னொன்று இல்லை. அந்த ஒரே பாட்டு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஓடியது என்று ஹாமண்ட் பிற்பாடு சொல்லியிருக்கிறார். கிறிஸ்டியனுக்கு அங்கேயே வேலை உறுதியானது.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஊற்று மாதிரி கற்பனை பொங்கியிருக்கிறது, இதற்கெல்லாம் பயிற்சி எதற்கு என்பது ஒரு கட்சி. கைக்குப் பழகிய துணுக்குகளை முன்பின்னாக மாற்றிப் போட்டிருப்பார், வேறென்ன என்பது மறு கட்சி. ஜாஸ் கிட்டாரைப் பற்றிப் பேச்சு வந்தாலே இந்த இரண்டும் மோதிக்கொள்கின்றன. கேட்டுக் கேட்டு எனக்குப் படுவதைச் சொல்கிறேன். ஸ்வரங்களில் பெரும்பகுதி முன்பே கையில் இருப்பவை. அவற்றை எப்போது எடுப்பது, எதோடு கோப்பது, எங்கே வாயை மூடிக்கொள்வது என்பதெல்லாம் மேடையில் முடிவாகின்றன. கற்பனை இருப்பதும் அங்கேதான்.

“எல்லாம் அந்த நொடியில் தோன்றுவது”

வேகமான ஜாஸ் பாட்டு நிமிடத்துக்கு 240 தட்டு ஓடும். தட்டுக்கு இரண்டு ஸ்வரம் என்றால் நொடிக்கு எட்டு. எட்டையும் தனித்தனியே யோசித்து, இது வேண்டும், அது வேண்டாம் என்று தேர்ந்து, இடக்கை விரலை அந்தந்த இடத்தில் வைத்து, வலக்கையால் மீட்ட யாராலும் முடியாது. ஸ்வரங்கள் கொத்துக் கொத்தாகத்தான் வருகின்றன. ஐந்து, எட்டு, பத்து ஸ்வரங்கள் கொண்ட சிறு பிடிகள் விரலில் தயாராக இருக்கும். ஜாஸ்காரர்கள் இவற்றை ‘லிக்’ என்பார்கள்.

ஜாஸின் மிகப் பெரிய கற்பனையாளர் யார் என்று கேட்டால் பலரும் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரைச் சொல்வார்கள். தாமஸ் ஓவன்ஸ் என்ற ஆய்வாளர், லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1974-ல் முடித்த முனைவர் பட்ட ஆய்வுக்காக, பார்க்கரின் சுமார் 250 தனி வாசிப்புகளை அலசினார். ஏறக்குறைய 100 பிடிகள் அவற்றில் திரும்பத் திரும்ப வருவதை வரிசைப்படுத்திக் காட்டினார். சில பிடிகள் எங்கும் வருகின்றன, சில குறிப்பிட்ட சுருதியில் மட்டும், சில குறிப்பிட்ட பாட்டில் மட்டும். இதைப் படித்த பிறகு பார்க்கர் மேல் எனக்கிருந்த மதிப்பு கூடத்தான் செய்தது. கையில் இருந்த சரக்கு இவ்வளவுதான் என்றால், அதை வைத்து அவர் கட்டியவை அத்தனை வகை!

கிட்டாரில் விரல் பழக்கத்தின் பிடி இன்னும் இறுக்கம். பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரே ஒரு கட்டை. கிட்டாரில் முதல் கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் வரும் ‘ஈ’ ஸ்வரமே, இரண்டாவது கம்பியின் 5-ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாவதின் 9-லும், நான்காவதின் 14-லும், ஐந்தாவதின் 19-லும் கிடைக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் கை நிற்கும் நிலை வேறு, அங்கிருந்து எளிதில் எட்டும் ஸ்வரங்களும் வேறு. இன்னொன்று: விரல் வடிவத்தை அப்படியே இரண்டு ஃப்ரெட் மேலே நகர்த்தினால் அதே பிடி வேறு சுருதியில் வந்துவிடும். பியானோக்காரர் புதிதாக விரல் பழக வேண்டிய இடத்தில் கிட்டார்காரர் கையை நகர்த்தினால் போதும். கிறிஸ்டியனின் பிடிகளில் பல, இடக்கை பிடித்திருக்கும் கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரங்கள்) வடிவத்தைச் சுற்றியே பிறந்தவை. வசதி பெரிதுதான். ஆனால் காது சொல்வதற்கு முன்பே விரல் போய்விடும் அபாயமும் இதில் இருக்கிறது. பாஸ்டனில் பல கிட்டார் கலைஞர்களை உருவாக்கிய மிக் குட்ரிக், 1987-ல் வெளியிட்ட பயிற்சி நூலில், முதலில் ஒரே ஒரு கம்பியில் மேலும் கீழும் வாசித்துப் பழகச் சொல்கிறார். அங்கே பழகிய வடிவம் எதுவும் கைகொடுக்காது. அடுத்த ஸ்வரம் எங்கே என்று காதால் தேடித்தான் ஆக வேண்டும்.

முன்தயாரிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற ஒலிப்பதிவே சாட்சி. 1959 மே மாதம் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பதிவு செய்தார். நான்கு நான்கு தட்டாக ஓடும் 16 பாருக்குள் கார்ட் 26 முறை மாறுகிறது, அதுவும் நிமிடத்துக்கு 280 தட்டுக்கு மேலான வேகத்தில். கோல்ட்ரேன் இந்தப் பாதையை வீட்டில் மாதக்கணக்கில் நடந்து பார்த்தவர். நான்கு ஸ்வரப் பிடி ஒன்றைக் கார்டுக்குக் கார்ட் மாற்றி மாற்றி, ஆறு மாதிரி ஓடுகிறார். பியானோ வாசித்த டாமி ஃபிளனகன் அந்நாளின் மிகத் தேர்ந்த கலைஞர்களில் ஒருவர். அவருடைய முறை வந்ததும் வரி துண்டு துண்டாகிறது, கொஞ்ச நேரத்தில் கார்டுகளை மட்டும் அழுத்திக்கொண்டு போகிறார். எட்டு மாதம் கழித்து, 1960 ஜனவரியில், வெஸ் மாண்ட்கோமரியின் ‘தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கிட்டார்’ இசைத்தட்டில் அதே ஃபிளனகன் எவ்வளவு சரளமாக வாசிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். திறமை இடையில் வந்து சேரவில்லை. தெரிந்த வழியில் நடக்கிறார், அவ்வளவே. 1982-ல் கோல்ட்ரேனின் நினைவாக ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ என்ற பெயரிலேயே ஓர் இசைத்தட்டு வெளியிட்டு, அந்தக் கணக்கையும் நேர் செய்தார்.

“அப்படியானால் எல்லாம் மனப்பாடம்தானே”

இதுதான் மேலே சொன்னதைக் கேட்டவுடன் பலர் தாவும் இடம். எனக்கு இதன் மேல்தான் கோபம் அதிகம், ஏனென்றால் விஷயம் தெரிந்தவர்களும் இதைச் சொல்கிறார்கள்.

எட்டு ஸ்வரம் கொண்ட ஒரு பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். பாரின் முதல் தட்டில் தொடங்கினால் அதன் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழாவது ஸ்வரங்கள் தட்டின் மேல் விழும். அதே பிடியை அரைத் தட்டு தள்ளி எடுத்தால், தட்டின் மேல் விழுந்தவை இடுக்குக்குப் போய்விடும், இடுக்கில் இருந்தவை தட்டுக்கு வந்துவிடும். முன்பு கார்டோடு இழைந்த ஸ்வரம் இப்போது உரசும், உரசியது இழையும். விரல் செய்வது ஒன்றே, காதில் விழுவது வேறு வாக்கியம். இதோடு பிடியின் முதல் இரண்டு ஸ்வரங்களை விட்டுவிடலாம், கடைசி ஸ்வரத்தை அடுத்த பிடியின் முதல் ஸ்வரமாக்கலாம், நடுவில் ஒன்றை நீட்டி நிறுத்தி டிரம்ஸ்காரருக்கு இடம் விடலாம். லிக்குகளை மட்டும் எண்ணி “எண்பது சதவீதம் பழசு” என்று தீர்ப்பு எழுதுகிறவர் இவை எதையும் எண்ணுவதில்லை. நாமும்தான் தினமும் பழைய சொற்களில் பேசுகிறோம். அதற்காக நம் பேச்சு மனப்பாடம் ஆகிவிடுவதில்லை.

கூட வாசிப்பவர்கள் இருக்கிறார்களே! ஜாஸ் சுற்று என்பது பெரும்பாலும் 12 பாரோ 32 பாரோ கொண்ட கார்ட் வரிசை. அது திரும்பத் திரும்ப ஓடும். அதன் மேல் பியானோக்காரர் எந்த இடத்தில் எந்த கார்டை எப்படி அழுத்துவார் என்பது கிட்டார்காரருக்கு முன்கூட்டித் தெரியாது. டிரம்ஸில் திடீரென்று ஒரு அடி விழுந்தால் அதற்குப் பதில் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். கிட்டார்காரர் ஜிம் ஹாலின் வாசிப்பு எனக்கு நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். 1962-ல் பியானோக்காரர் பில் எவன்ஸுடன் இருவர் மட்டுமாக அவர் பதிவு செய்த ‘அண்டர்கரண்ட்’ இசைத்தட்டில், மூன்று நான்கு ஸ்வரங்களை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், எவன்ஸ் சொல்வதைக் கேட்டு மாற்றுகிறார். மனப்பாடம் செய்துகொண்டு வந்தவரால் இப்படி நின்று கேட்க முடியாது.

1963 நவம்பரில் நடந்த ஒன்று. கிட்டார்காரர் கிராண்ட் கிரீன், புளூ நோட் நிறுவனத்துக்காக ‘ஐடில் மொமென்ட்ஸ்’ என்ற மெதுவான பாட்டைப் பதிவு செய்கிறார். எழுதியவர் பியானோ வாசித்த டியூக் பியர்சன். ஒரு சுற்று எத்தனை பார் என்பதில் குழப்பம் வந்து, ஒவ்வொருவரும் நினைத்ததைவிட இரண்டு மடங்கு வாசித்துவிட்டார்கள். பாட்டு 15 நிமிடத்தைத் தொட்டுவிட்டது. இசைத்தட்டில் அவ்வளவு இடம் இல்லை. ஆனாலும் அந்த டேக்கை விட மனம் வராமல், மற்றப் பாட்டுகளைச் சுருக்கி மறுபடி பதிவு செய்து இதற்கு இடம் ஏற்படுத்தினார்கள். முன்பே கோத்து வைத்த தனி வாசிப்பாக இருந்திருந்தால் அந்தக் கூடுதல் நிமிடங்களில் கை தந்தியடித்திருக்கும். கிரீனுக்குப் பதற்றமே இல்லை. திரும்பத் திரும்ப ஒரே பிடியைச் சுழற்றுகிறார் என்று அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. அந்தச் சுழற்சியில் ஏறும் சூட்டைக் கேட்காதவர்கள் அவர்கள்.

கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது. கல்பனாஸ்வரத்தின் முடிவில் வரும் கோர்வையின் கணக்கு பெரும்பாலும் வீட்டில் போட்டது என்று ரசிகருக்குத் தெரியும். தெரிந்தும் சபாஷ் போடுகிறார், அதுவரை ஓடிய ஸ்வரங்கள் அங்கே வந்து சேர்ந்த அழகுக்காக. இந்த இரண்டு உலகங்களும் நேராகச் சந்தித்த இடமும் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பிறந்த ஜாஸ் கிட்டார்காரர் ஜான் மெக்லாஃப்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபேலா, விக்கு விநாயக்ராமின் கடம் ஆகியவற்றோடு அவர் தொடங்கிய ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டு 1975-ல் மேடையில் பதிவாகி 1976-ல் வெளிவந்தது. வயலினும் கிட்டாரும் ஒன்றாகப் பாயும் இடங்கள் முன்பே அமைத்தவை, வேறு வழியில்லை. இரண்டு பேருக்கு ஒரே நொடியில் ஒரே ஸ்வரம் தோன்றாது. அந்தத் தூண்களுக்கு நடுவே இருவரும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் இடங்களில்தான் மனோதர்மம்.

“நோட்ஸ் படிக்கத் தெரியாதவர் மனம்போல வாசிப்பார்”

வெஸ் மாண்ட்கோமரிக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது. இன்னொரு கிட்டார் மேதை ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டுக்கும் தெரியாது. அதனால் இவர்கள் எதையும் கற்காமலேயே இயல்பாக வாசித்தவர்கள் என்று ஒரு கதை பரவியிருக்கிறது. பாராட்டு போல ஒலித்தாலும், இது அவர்கள் உழைப்பை இல்லை என்று சொல்வது.

இண்டியானாபொலிஸ்காரரான மாண்ட்கோமரி, இருபது வயதையொட்டி சார்லி கிறிஸ்டியனின் ‘சோலோ ஃபிளைட்’ இசைத்தட்டைக் கேட்டு அசந்துபோனார். கிறிஸ்டியனின் தனி வாசிப்புகளை இசைத்தட்டிலிருந்து ஸ்வரம் பிசகாமல் காதாலேயே எடுத்தார். உள்ளூர் கிளப் ஒன்றில் அவற்றை வாசிக்கவே வேலை கிடைத்தது. அவை தீர்ந்ததும் மேடையை விட்டு இறங்கிவிடுவாராம், சொந்தமாக வாசிக்க அப்போது எதுவும் இல்லாததால். பிறகு பல ஆண்டுகள் பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் டர்ஃப் பார், நள்ளிரவுக்கு மேல் மிசைல் ரூம் என்று வாசித்தார். 1959-ல் அங்கே அவரைக் கேட்ட சாக்ஸஃபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி நியூயார்க்கிலிருந்த தயாரிப்பாளரிடம் சொன்ன பிறகே உலகம் அவரைக் கேட்டது. அப்போது அவர் வாசித்தது கிறிஸ்டியன் இல்லை. கட்டைவிரலால் மீட்டும் அந்த மெத்தென்ற நாதம் அவருக்கே உரியது. முதலில் ஒற்றை ஸ்வரங்கள், பிறகு அதே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து வாசிப்பது, கடைசியில் முழு கார்டுகளாகவே பாடுவது என்று அவருடைய நீண்ட வாசிப்புகள் மூன்று படி ஏறும். படி முன்பே கட்டியது. ஒவ்வொரு படியிலும் எவ்வளவு நேரம் நிற்பது என்பது அன்றைய இரவைப் பொறுத்தது.

கிட்டார்காரர் பார்னி கெஸலும் கிறிஸ்டியனைக் காதால் எடுத்து வளர்ந்தவர், அதே ஓக்லஹோமாவில். 1940-ல், பதினாறு பதினேழு வயதில், கிறிஸ்டியனுடனேயே சேர்ந்து வாசிக்கும் வாய்ப்பு வந்தது. கிறிஸ்டியன் முன்னால் வாசிக்க, கிறிஸ்டியனின் பிடிகளைத் தவிர தன்னிடம் எதுவும் இல்லை என்பது அங்கேதான் உறைத்தது என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

“திரும்ப வாசித்தால் ஏமாற்று”

1926 பிப்ரவரியில் லூயி ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்த ‘கார்னெட் சாப் சூயி’யில், கேட்பவர் கற்பனை என்று நினைக்கும் பகுதி, 1924 ஜனவரியிலேயே அவர் கைப்பட எழுதிப் பதிப்புரிமைக்கு அனுப்பிய தாளில் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. லயனல் ஹாம்ப்டன் குழுவின் 1942 ‘ஃபிளையிங் ஹோம்’ பதிவில் இல்லினாய் ஜாக்கே வாசித்த சாக்ஸஃபோன் பகுதி அவ்வளவு பிடித்துப்போய், பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர்களும் அதையே வாசிக்க வேண்டியதாயிற்று. காசு கொடுத்து வந்த கூட்டம் அதைத்தான் கேட்டது. அக்காலத்தில் இதை யாரும் குறையாக நினைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பிற்கால ரசிகர்கள் கொண்டுவந்தது.

“இசைத்தட்டில் கேட்பது அன்று வாசித்தபடியே”

கிறிஸ்டியன் இருந்த குட்மன் குழு, ‘பிரேக்ஃபாஸ்ட் ஃப்யூட்’ என்ற பாட்டைப் பல டேக்குகள் பதிவு செய்தது. பிற்காலத்தில் எல்.பி. இசைத்தட்டாக வெளியிட்டபோது, வேறு வேறு டேக்குகளில் கிறிஸ்டியன் வாசித்ததையெல்லாம் நாடாவில் வெட்டி ஒட்டி ஒரே நீண்ட வாசிப்பாக ஆக்கிவிட்டார்கள். சுருதியும் வேகமும் கார்ட் வரிசையும் ஒன்றாக இருந்ததால் ஒட்டு தெரியவில்லை. ஒரே மூச்சில் வந்த கற்பனை என்று நம்பி அதை மனப்பாடம் செய்த கிட்டார்காரர்கள் எத்தனையோ பேர். எனக்கோ அந்தத் தனித்தனி டேக்குகள்தான் புதையல். ஒரே பாட்டு, ஒரே குழு, அடுத்தடுத்த வாசிப்பு. பழகிய பிடிகள் அடையாளம் தெரிகின்றன, வரிசையும் இடமும் மாறி மாறி வருகின்றன. எது கையிலிருந்தது, எது அப்போது வந்தது என்று பிரித்துக் கேட்க இதைவிட நல்ல வழி கிடையாது. 1941 மே மாதம், ஹார்லெமின் மின்டன்ஸ் கிளப்பில் ஜெர்ரி நியூமன் என்ற மாணவர் தன் சொந்தக் கருவியில் பதிவு செய்த கிறிஸ்டியனையும் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டும். ஸ்டுடியோவில் சில வினாடிகள் கிடைத்தவருக்கு அங்கே சுற்றுக்குச் சுற்று இடம் இருந்தது. அதற்கு அடுத்த மார்ச்சில் காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. வயது 25.

“விதியே இல்லாவிட்டால்தான் உண்மைக் கற்பனை”

பாட்டு, சுருதி, தாளம், கார்ட் எதையும் முன்பே முடிவு செய்யாமல் வாசித்துப் பார்த்தவர்களும் உண்டு. 1949 மே மாதம் பியானோக்காரர் லெனி டிரிஸ்டானோவின் குழு பதிவு செய்த ‘இன்ட்யூஷன்’ அப்படிப்பட்டது. கிட்டார் பில்லி பாயர். அதிலும் யாருக்குப் பின் யார் நுழைவது என்பதைப் பேசி வைத்திருந்தார்கள். தன் மாணவர்களைப் பழைய மேதைகளின் தனி வாசிப்புகளைப் பாடிப் பாடிப் பயிற்சி செய்ய வைத்தவர் டிரிஸ்டானோ. இங்கிலாந்தின் கிட்டார்காரர் டெரக் பெய்லி இன்னும் தள்ளிப் போனார். எந்த மரபையும் சாராத கற்பனை என்பதே அவர் தேடல், 1980-ல் அதைப் பற்றி நூலும் எழுதினார். ஆனால் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் மணியோசைகள், முரட்டுத்தனமான ஸ்வரத் தாவல்கள், பெடலால் ஏற்றி இறக்கும் ஒலி என்று இரண்டு நிமிடம் கேட்டாலே பெய்லி என்று சொல்லிவிடலாம். மரபை விட்டாலும் அவரவர் கை அவரவரோடு வருகிறது.

“அப்போது மூளை வெறுமையாகிவிடும்”

சார்ல்ஸ் லிம்பும் ஆலன் பிரானும் 2008-ல் வெளியிட்ட ஆய்வைத்தான் இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆறு ஜாஸ் பியானோக்காரர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்துச் சிறிய விசைப்பலகையில் வாசிக்கச் செய்தார்கள். கற்பனையாக வாசிக்கும்போது, தன்னைத் தானே கண்காணிக்கும் மூளைப்பகுதி அடங்கியது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு ‘வெறுமை’ என்கிறார்கள். அதே நேரத்தில் முன்மூளையின் நடுப்பகுதியும், புலன் சார்ந்த, அசைவு சார்ந்த பல பகுதிகளும் கூடுதலாக வேலை செய்தன என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. தணிக்கை அதிகாரி ஒதுங்குகிறார், மற்றவர்கள் மும்முரமாக இருக்கிறார்கள். படுத்திருந்த ஆறு பேரும் தொழில்முறைக் கலைஞர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

சேமிப்பு காலியானால் என்ன நடக்கும் என்பதை ஒரு கிட்டார்காரர் தன் உயிரிலேயே அனுபவித்தார். ஃபிலடெல்ஃபியாவின் பாட் மார்டினோ, 1960-களிலும் 70-களிலும் முடிவில்லாமல் நீளும் வரிகளுக்குப் பெயர் பெற்றவர். 1980-ல் மூளை இரத்தக்குழாய்க் கோளாறுக்காக அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தார், நினைவுகள் போய்விட்டன. பெற்றோரையே அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது, கிட்டார் வாசிக்கவும் தெரியவில்லை. வீட்டில் அப்பா பழைய இசைத்தட்டுகளைப் போடுவார், அவற்றில் வாசிப்பவர் தானே என்பது அவருக்கு அந்நியமாக இருந்தது. மாண்ட்கோமரி கிறிஸ்டியனைக் கற்றது போல, மார்டினோ மார்டினோவைக் காதால் கற்றார். 1987-ல் நியூயார்க்கின் ஃபேட் டியூஸ்டேஸ் கிளப்பில் பேஸும் டிரம்ஸும் மட்டும் துணையாக மேடையேறினார், ‘தி ரிட்டர்ன்’ என்ற பெயரில் அது வெளிவந்தது. நான்கே பாட்டுகள். நீண்ட வரிகள் திரும்பியிருக்கின்றன, அவருடைய பழைய பிடிகளைத் தெரிந்தவர்கள் அங்கங்கே அடையாளம் கண்டுகொள்ளலாம். டிரம்ஸ் சூடேற்றும்போதெல்லாம் அவர் வரி எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பதை மட்டும் அந்தப் பழைய இசைத்தட்டுகளை எத்தனை முறை கேட்டிருந்தாலும் ஊகிக்க முடியவில்லை.